பள்ளி மூடும் நாளில் பாடம்: தொடக்கப் பள்ளிக்கான வீட்டுக்கல்வி ஏற்பாடு

ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையில் பள்ளிக்கூடம் எந்த நாளில் மூடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நாள், இரண்டு நாள் மழை லீவு பெரிய விஷயமில்லை. 2023 டிசம்பர் 17, 18 மாதிரி வந்தால்தான் சிக்கல். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர். கரண்ட் இல்லை, டவரும் இல்லை. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடி, 2021 நவம்பர் 1-ல் தொடக்க வகுப்புகள் திறந்த வரைக்கும் ஃபோனாவது இருந்தது. வெள்ளத்தில் அதுவும் போனது. அதனால் ஃபோன் இருந்தால் நடக்கிற ஏற்பாடு ஒன்று, எதுவுமே இல்லாவிட்டாலும் நடக்கிற ஏற்பாடு ஒன்று என்று இரண்டும் வேண்டும். இரண்டாவதைத்தான் முதலில் செய்ய வேண்டும். மழை தொடங்கிய பிறகு ஜெராக்ஸ் கடைக்கு ஓட முடியாது.

முதலில் ஒரு நோட்டு

செப்டம்பர் கடைசி வாரத்தில் பள்ளியில் பதிவாகியிருக்கும் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். பல நம்பர் செத்திருக்கும். சிலது மாமாவுடையது, அவர் திருப்பூரில் இருப்பார். பிறகு ஒரு நீள நோட்டில் பிள்ளைக்கு ஒரு வரி: யாருடைய ஃபோன், பட்டனா டச்சா, அது வீட்டில் இருக்கும் நேரம் எது, அதே ஃபோனில் வேறு யார் படிக்கிறார்கள், லைன் கிடைக்காவிட்டால் எந்தப் பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பலாம்.

இதில் ‘நேரம்’ என்ற கட்டம்தான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். கொத்தனார், லோடுமேன், ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டில் ஃபோன் காலையில் அவரோடு வெளியே போய்விடும். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் அம்மா வீட்டில்தான் இருப்பார், ஆனால் ஃபோன் அவர் கையில் இருக்காது. காலை பத்து மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு ‘பிள்ளைகள் வரவில்லை’ என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. ஃபோன் வீட்டுக்குள் இருப்பது காலை ஆறரை வரையும், இரவு ஏழுக்கு மேலும். ஆசிரியருக்கு இது தொந்தரவுதான். வேறு வழி இருப்பதாகத் தோன்றவில்லை.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் அண்ணனோ அக்காவோ அதே வீட்டில் இருந்தால், ஃபோன் முதலில் அவர்கள் கைக்குத்தான் போகும். அந்தப் பள்ளி ஆசிரியரிடம் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அடுத்த அரை மணியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோன் இல்லாமல் நடப்பது: உறை

ஒரு பிள்ளைக்குப் பத்து நாளைக்கு ஒரு உறை. உள்ளே பத்துத் தாள், இருபக்கமும் அச்சடித்தது. ஆக இருபது பக்கம், நாளைக்கு இரண்டு. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் கணக்கு. வாரத்தில் இரண்டு நாள் தமிழுக்குப் பதில் ஆங்கிலம். சூழ்நிலையியலுக்குத் தனித்தாள் வேண்டாம், வாசிப்புப் பத்தியாகத் தமிழிலேயே நுழைத்துவிடலாம். ஒரு பென்சில், ரப்பர், ஷார்ப்னர், பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஈர்க்குக் கட்டு ஐந்து, உதிரியாகப் பத்து ஈர்க்கு, ஒரு கை புளியமுத்து. எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவருக்குள். ‘பரண் மேல் வையுங்க’ என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

தாளை வகுப்பு வாரியாகப் பிரிக்காதீர்கள். தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்று 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பது இதற்குத்தான் கைகொடுக்கும். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் அரும்பில் நிற்கும் பிள்ளைக்கு அரும்புத் தாளே போகட்டும். பள்ளியில் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிற ஆள் வீட்டில் இல்லை. எட்டாத தாள் போனால் முதல் நாளே மூடி வைத்துவிடும். புதிய பாடம் எதுவும் உறைக்குள் வரக்கூடாது. வகுப்பில் நடத்தியது, பாதி பிடிபட்டது, அதுதான் வீட்டுக்கு.

‘பத்துத் தடவை எழுது’ என்ற பக்கத்தை அடியோடு தவிர்த்துவிடுங்கள். அதைப் பெரும்பாலும் அக்காதான் எழுதுவாள்.

உறை இரண்டு செட் தேவை. ஒன்று பிள்ளையிடம், மற்றது பள்ளியில். எழுதியதைக் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்கிப் போக ரேஷன் கடை, அங்கன்வாடி, கோயில் மண்டபம் என ஊர் ஆட்கள் எப்படியும் போகிற இடமாகப் பாருங்கள். ஊருக்குள்ளேயே மாலையில் பாடம் சொல்லித் தந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் இருந்த தன்னார்வலர் யாராவது ஊரில் இருந்தால் பொறுப்பை அவரிடம் விடலாம். வராத உறையின் பட்டியலை அன்றைக்கே எடுக்க வேண்டும். இரண்டு சுற்று வராத வீட்டில் பிள்ளை பெரும்பாலும் வேலைக்குள் போயிருக்கும்: தம்பியைப் பார்த்துக்கொள்வது, ஆடு மேய்ப்பது, பீடிக்கு இலை வெட்டுவது. அந்த வீட்டுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு தாய் போய்ப் பேசுவது ஆசிரியர் போவதைவிட நன்றாக எடுபடும்.

ஃபோன் இருக்கும்போது

நேரலை வகுப்பை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 2020 ஜூலையில் ஆன்லைன் வகுப்புகளுக்காக ஒன்றிய அரசு வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டியே எட்டாம் வகுப்பு வரைக்கும் நாளைக்கு 30 முதல் 45 நிமிட அமர்வு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதுவே அதிகம். ஏழு நிமிடம் ஒரே பிள்ளையோடு பேசுவது அதைவிடப் பலன் தரும். அதற்குப் பட்டன் ஃபோனே போதும்.

ஒரு ஆசிரியரிடம் 23 பிள்ளைகள், அதில் ஒன்று, இரண்டாம் வகுப்பு 9 பேர் என்று வைத்துக்கொள்வோம். சின்னவர்களுக்கு வாரம் இரண்டு தடவை, மற்றவர்களுக்கு ஒன்று: மொத்தம் 32 அழைப்பு. ஐந்து ராத்திரிக்குப் பிரித்தால் நாளைக்கு ஆறேழு, முக்கால் மணி நேரம்.

அழைப்பு இப்படிப் போகலாம். “சாப்பிட்டாச்சா மக்கா? புத்தகம் மடியில இருக்கா? ஸ்பீக்கர்ல போடச் சொல்லு அம்மாட்ட. நேத்து வாசிச்சதுக்கு அடுத்த பக்கம். முதல் வரியில விரல வை.” பிறகு பேசாமல் இருங்கள். பத்து விநாடி சத்தமே வராது. பக்கத்தில் அம்மா எடுத்துக் கொடுக்கப் பார்ப்பார். “நீங்க சொல்லாதீங்கம்மா, அவனே சொல்லட்டும்” என்று முதல் நாளே பதமாகச் சொல்லி வைத்தால் அடுத்த வாரம் சரியாகிவிடும்.

சொல்வதெழுதுதல் ஃபோனில் ஏமாற்றும். ல, ள, ழ மூன்றும் லைனில் ஒரே மாதிரி கேட்கும்; போதாததற்கு நம் பக்கம் மழையை ‘மளை’ என்றே சொல்லிப் பழகியவர்கள். தனிச்சொல்லாகக் கொடுக்காமல் “வானத்துல இருந்து பெய்யிற மழை”, “ஏறுற மலை” என்று தொடராகக் கொடுங்கள்.

கணக்கில் விடையைவிடத் தப்புதான் பேசும். 52-ல் 27 போனால் எவ்வளவு என்றால் பல பிள்ளைகள் 35 என்பார்கள். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். 2-ல் 7 போகாது என்று திருப்பிப் போட்டு 7-ல் 2 கழித்திருப்பான். அல்லது கடன் வாங்கி 12-ல் 7 போக 5 என்று சரியாகப் போட்டுவிட்டு, கடன் கொடுத்த 5-ஐ 4 ஆக்க மறந்திருப்பான். தாளைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. “ஈர்க்குக் கட்ட எடு. அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி. ஏழு எடுக்கணும், என்ன செய்வ?” என்று கேளுங்கள். கட்டை அவிழ்க்கவே தோன்றாதவன் முதல் வகை. அவிழ்த்துவிட்டு இன்னும் அஞ்சு கட்டு இருப்பதாகச் சொல்பவன் இரண்டாம் வகை. அவனை மிச்சக் கட்டை எண்ணச் சொன்னால் அவனே நாலு என்று கண்டுகொள்வான். முதல் வகைக்கு ஒரு வாரம் ஈர்க்கோடுதான் கணக்கு, நோட்டு வேண்டாம்.

டச் ஃபோன் உள்ள வீடுகளுக்குக் குரல் பதிவு அனுப்பலாம். மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அவ்வளவும் அரை எம்பிக்குள் அடங்கும். அதே மூன்று நிமிடம் வீடியோவானால் பத்து, பதினைந்து எம்பி தாண்டும், ராத்திரிக்குள் அண்ணன் அன்றைய டேட்டாவைத் தீர்த்திருப்பான். காலை ஐந்தரைக்கு அனுப்புங்கள். பாடப்புத்தகக் க்யூ.ஆர். குறியில் உள்ள வீடியோக்களைப் பள்ளி திறந்திருக்கும்போதே மெமரி கார்டில் ஏற்றிக் கொடுப்பது நல்லது. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கூடுதலுக்கு உதவும். டிவி எதிரில் உட்கார்ந்திருப்பதை வருகையாகக் கணக்கெடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும் அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் காலை வணக்கப் படங்களுக்குள் பாடம் புதைந்துவிடும். விடைத்தாள் படம் குழுவில் வரவே கூடாது. தப்பு எழுதிய பிள்ளையின் தாளை ஊரே பார்க்கும், அடுத்த நாளிலிருந்து அது அனுப்பாது. குழுவில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும் என்பதால், வேண்டாம் என்கிற தாய்மாரைச் சேர்க்காமல் தனியாக அனுப்புங்கள்.

நடக்க முடியாத, நெடுநாள் நோயில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த உறை போதாது. வட்டார வள மையத்தில் சொல்லி வைத்தால் சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கே வருவார். அவர் வரும் நாளை நோட்டில் குறித்துக்கொண்டு அன்றைக்கு உங்கள் அழைப்பையும் வையுங்கள்.

பள்ளி திறந்ததும் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்காதீர்கள். முதல் மூன்று நாள் திரும்பி வந்த உறைகளைப் பிரித்து, ரப்பர் தேய்த்த தடமே இல்லாமல் எல்லாம் சரியாக இருக்கும் தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள். அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அதே கணக்கை இலக்கம் மட்டும் மாற்றிச் சிலேட்டில் போடச் சொல்லிப் பாருங்கள்.