காடைக்கு ஒரு நாளில் எத்தனை முறை தீவனம் வைப்பது?

முதன்முதலாக 100 காடைக் குஞ்சு வாங்கியவர்கள் பலரும் கேட்பது: காலையில் தொட்டியை நிரப்பிவிட்டால் போதாதா? போதாது. ஜப்பானியக் காடைக் குஞ்சு பொரிக்கும்போது சுமார் 8 கிராம்தான் இருக்கும். ஐந்து வாரத்தில் 200 கிராமைத் தொட வேண்டும். நடுவில் வயிறு காய்ந்தால் ஈடுகட்ட நாள் கிடையாது.

முதல் வாரம்

தொட்டி வேண்டாம். கசக்கி விரித்த தாளில் தூவுங்கள். வழவழப்பான தாளில் கால் வழுக்கி அகன்றுவிடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகத் தூவி, விரலால் தாளைத் தட்டுங்கள். அந்தச் சத்தத்துக்கே ஓடி வந்து கொத்தும். இரவிலும் விளக்கும் தீவனமும் இருக்கட்டும். தீவனம் நன்றாக உடைத்ததாக, புரதம் 24 சதவீதத்துக்குக் குறையாததாக இருக்க வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லையென்றால் குஞ்சு மூழ்கிவிடும்.

இரவில் பத்துக் குஞ்சுகளின் கழுத்தடியைத் தொட்டுப் பாருங்கள். அங்குள்ள தீனிப்பை மெத்தென்று நிறைந்திருந்தால் சரி. காலியாக இருந்தால், பெரும்பாலும் சூடு போதாமல் தீவனத்தை விட்டு விளக்கடியில் ஒண்டியிருக்கும்.

இரண்டு, மூன்றாம் வாரம்

தொட்டிக்கு மாற்றி, நான்கு முறை வையுங்கள்.

நான்காம் வாரம் முதல்

இப்போது மூன்று முறை போதும். 100 காடைக்கு நாளைக்குச் சுமார் 2 கிலோ ஆகும். அதைத்தான் மூன்றாகப் பிரிக்கிறோம், அளவைக் கூட்டவில்லை. தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். காடை அலகால் வாரி இறைக்கும், கீழே விழுந்தது காசுதான். என் கொட்டகையில் ஒரே வேளையாக வைத்தபோது வலுத்தவை முண்டியடித்துத் தின்றன, நோஞ்சான்கள் ஒதுங்கி நின்றன. பிரித்து வைக்க ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் ஒரே சீராகத் தேறின. கோடையில் மதிய வேளையை விட்டுவிட்டு விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்தும் அதிகமாக வையுங்கள். உச்சி வெயிலில் தின்றால் உடல் சூடு ஏறி மூச்சிரைக்கும்.

கறிக்கு அனுப்பும் நாள்

ஐந்தாறு வாரத்தில் விற்றுவிடுங்கள். அப்புறம் பெட்டை முட்டைக்குத் திரும்பும், தின்ற தீவனத்தில் கறியை விடக் கொழுப்புதான் கூடும். அறுப்புக்கு நான்கைந்து மணி நேரம் முன்பு தீவனத்தை எடுத்துவிடுங்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். குடல் நிறைந்திருந்தால் சுத்தம் செய்யும்போது கிழிந்து கறியில் படும். அதற்காக ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டால் எடை குறையும், கறியும் வறண்டு போகும்.