பார்வையற்ற மாணவருக்குப் பாடநூலை ஒலிவடிவில் தருவது எப்படி?

மதுரைக் கல்லூரியொன்றில் பயிலும் பார்வையற்ற மாணவருக்காக அச்சுப் பாடநூலைக் கேட்கும் வடிவுக்கு மாற்ற விரும்புவோர், பதிப்பாளரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 2012இல் சேர்க்கப்பட்ட விலக்கு அதற்கு இடமளிக்கிறது.

முதலில் சுகம்யா புஸ்தகாலயா இணைய நூலகத்தில் அந்நூல் உள்ளதா என்று தேடுங்கள். இல்லையெனில் பக்கங்களை ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி (OCR) மென்பொருளால் யூனிகோடு எனும் பொதுக் குறியீட்டு முறையிலான உரையாக்குங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு இதற்கு உதவாது. உரையை உரக்க வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே வாசிக்கும். எழுத்துணரி துணைக்காலை ‘ர’ என்று தவறாக எடுத்திருக்கிறதா என்று வரிவரியாகச் சரிபாருங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாதது.

கோப்பை இலாபமின்றி, தயாரிப்புச் செலவை மட்டும் பெற்று, மாற்றுத்திறனாளிகளுக்கே வழங்கலாம். வகுப்பின் பொது வாட்ஸ்அப் குழுவில் இடுவதற்கு இவ்விலக்கு பொருந்தாது.