டிப்பரரி: மட்டக்களப்பு வெக்கையில் தண்ணீர் கூடாமல் கலக்குவது

ஐரிஷ் விஸ்கி 45 மி.லீ, இனிப்பு வெர்மூத் என்ற மூலிகை வைன் 30 மி.லீ, பச்சை ஷார்ட்ரூஸ் என்ற பிரெஞ்சு மூலிகை மதுபானம் 15 மி.லீ. டிப்பரரி கொக்டெயிலுக்குப் போத்தலில் இருந்து வருவது இவ்வளவுதான். 1916இல் நியூயோர்க்கில் அச்சான குறிப்பில் மூன்றும் சம அளவு. ஆனால் பச்சை ஷார்ட்ரூஸ் 55 வீத மதுசாரம் கொண்டது. சம அளவில் விட்டால் விஸ்கி இருந்த இடமே தெரியாது. 3:2:1 என்ற பங்குதான் நாக்குக்குப் பொருந்தும்.

இந்த 90 மி.லீ உடன் இன்னும் 22 முதல் 25 மி.லீ தண்ணீர் சேர வேண்டும். அது ஐஸ் உருகித்தான் வர வேண்டும். பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் இந்தப் பானம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 31 பாகை வெக்கையில் அலுமாரியில் நின்ற விஸ்கியைக் குளிராக்க ஐஸ் படும் பாடு, 21 பாகையில் நின்ற விஸ்கிக்குப் படுவதைவிட அதிகம். அந்த 10 பாகை வித்தியாசம் மட்டுமே ஏறக்குறைய 5 மி.லீ தண்ணீரைக் கூடுதலாக இறக்கிவிடும். குளிர் நாட்டில் எழுதிய குறிப்பை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியும் பானம் சளசளவென்று வருவது இதனால்தான்.

ஆகவே பானம் செய்வதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பே விஸ்கிப் போத்தலைப் பிரிஜ்ஜில் வையுங்கள். வெர்மூத் எப்படியும் அங்கேதான் இருக்க வேண்டும். கலக்கும் கிளாஸ் தடித்த கண்ணாடியாக இருந்தால் அதுவும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். 15 நிமிடம் ஃபிரீசரில் வைத்து எடுங்கள். அதற்கு இடமில்லையென்றால் மெல்லிய எவர்சில்வர் பேணி ஒன்று போதும், அது சட்டென்று குளிர்ந்துவிடும். குடிக்கும் கிளாஸையும் ஃபிரீசரில் வையுங்கள். 140 மி.லீ கொள்ளும் சின்னக் கிளாஸ் போதும். பெரியதில் ஊற்றினால் பானம் அடியில் கிடந்து சீக்கிரம் சூடாகும்.

ஐஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மீனுக்கு வரும் கட்டி ஐஸ் இதற்கு ஆகாது. வாவிக்கரைக் கிணற்றில் உவர் இருந்தால் அந்த உவர் ஐஸிலும் இருக்கும். நல்ல குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு உறைய வையுங்கள். தட்டை மூடியே வையுங்கள். கருவாடும் மீனும் இருக்கும் ஃபிரீசரில் திறந்து கிடந்த ஐஸ் அந்த மணத்தை உறிஞ்சிவிடும். தேன் வாசமும் மூலிகை வாசமும் வர வேண்டிய கிளாஸில் கருவாடு மணந்தால் அதைத் திருத்த வழியே இல்லை. கட்டிகள் 3 செ.மீ அளவாவது இருக்கட்டும். ரெஜிபோம் பெட்டியில் மணிக்கணக்காகக் கிடந்த ஐஸ் ஈரமாக இருக்கும். வடியில் போட்டு உதறிவிட்டுப் பாவியுங்கள். அந்த ஈரமும் தண்ணீர்தான்.

அளக்கும் கிண்ணம் இல்லாவிட்டால் பார்மசியில் வாங்கும் 10 மி.லீ சிரிஞ்ச் நன்றாக உதவும். ஷார்ட்ரூஸில் 5 மி.லீ கூடினாலே சுவை சாய்ந்துவிடும், கண் அளவை நம்ப வேண்டாம். முதலில் வெர்மூத், பிறகு விஸ்கி, கடைசியாக ஷார்ட்ரூஸ். இடையில் அளவு தவறினால் விலை கூடிய போத்தல் வீணாகாது.

இப்போது ஐஸைக் கிளாஸில் முக்கால்வாசிக்கு மேல் நிரப்புங்கள். குறைவாகப் போட்டால் தண்ணீர் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு: சில கட்டிகள் மட்டும் இருந்தால் பானம் குளிர்வதற்குள் அவை கரைந்துவிடும். நீளக் கரண்டியின் முதுகு கிளாஸ் சுவரில் உரசும்படி, சத்தமில்லாமல் 30 விநாடி சுழற்றுங்கள். பிரிஜ்ஜில் இருந்து எடுத்த விஸ்கி என்றால் ஐஸ் மெதுவாகத்தான் உருகும், 40 விநாடி வரை போகலாம், இல்லாவிட்டால் தண்ணீர் போதாமல் பானம் தொண்டையைச் சுடும். குலுக்க வேண்டாம். பழச்சாறோ முட்டையோ சேரும் பானத்துக்குத்தான் குலுக்கல். இங்கே அது காற்றைப் புகுத்தி, கலங்கலாக்கி, தண்ணீரையும் கூட்டும். முதல் சில தடவை வடித்ததை அளந்து பாருங்கள். 112 முதல் 115 மி.லீ இருந்தால் சரி. 120ஐத் தாண்டினால் ஐஸ் ஈரம், அல்லது போத்தல் சூடு.

வடித்த பிறகு தோடம்பழத் தோலில் ஒரு துண்டு சீவி, வெளிப்பக்கம் கிளாஸை நோக்க மடித்துப் பிழியுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைச் சதை கசக்கும், அது வேண்டாம். இறக்குமதிப் பழமென்றால் மெழுகு பூசியிருக்கலாம், இளஞ்சூட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். பிபிலைத் தோடையும் நல்லது. பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும், நிறத்தைப் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள்.

வெர்மூத் என்பது மூலிகை ஊறவைத்த வைன். மதுசாரம் 15 முதல் 18 வீதம்தான். விஸ்கியைப் போல அலுமாரியில் வருடக்கணக்கில் நிற்காது. திறந்த திகதியைப் போத்தலில் எழுதி, பிரிஜ்ஜில் வைத்து, ஒரு மாதத்துக்குள் முடியுங்கள். புளித்த வாடையோ மங்கிப்போன சுவையோ வந்தால் சமையலுக்கு விடுங்கள்.

ஷார்ட்ரூஸ் கிடைப்பது கடினம். பிரான்சில் கார்தூசியன் துறவிகள் 130 தாவரங்களைக் கொண்டு செய்வது அது. உற்பத்தியைக் கூட்டுவதில்லை என்று 2019இல் அவர்கள் முடிவெடுத்தார்கள். கிடைக்காவிட்டால் பெனடிக்டின் என்ற இன்னொரு மூலிகை மதுபானமும் ஸ்கொட்ச் விஸ்கியும் எடுங்கள். அது பொபி பேர்ன்ஸ் என்ற வேறு பானம், இதே குடும்பம். பெனடிக்டின் 40 வீதம்தான் என்றாலும் இனிப்பு முன்னுக்கு நிற்கும்: ஸ்கொட்ச் 60, வெர்மூத் 25, பெனடிக்டின் 7 மி.லீ. விஸ்கிக்குப் பதில் தென்னஞ்சாராயமும் போடலாம். அதன் வலு பெரும்பாலும் விஸ்கியைவிடக் குறைவு, ஆகவே 50 மி.லீ எடுத்து 20 விநாடி மட்டும் கலக்குங்கள்.

ஒரு கிளாஸில் தூய மதுசாரம் 31 மி.லீ இருக்கிறது. 5 வீத பியர் பெரிய போத்தல், 625 மி.லீ, ஒன்றுக்குச் சமம். சின்னக் கிளாஸைப் பார்த்து ஏமாறக் கூடாது. மோட்டார் சைக்கிளில் திரும்பிப் போகிறவருக்கு ஊற்ற வேண்டாம். போயா தினத்தில் மது விற்பனை இல்லை, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு எந்த நாளிலும் இல்லை.

பலருக்கு ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டுமென்றால் முன்பே போத்தலில் கலந்துவைக்கலாம். ஆறு பேருக்கு விஸ்கி 270, வெர்மூத் 180, ஷார்ட்ரூஸ் 90, கொதித்தாறிய தண்ணீர் 140 மி.லீ, 750 மி.லீ போத்தலில் இது அடங்கும். பிரிஜ்ஜில் வைத்து, ஊற்றுவதற்கு முன் இரண்டு மணித்தியாலம் ஃபிரீசருக்கு மாற்றுங்கள். இரவு முழுக்க அங்கே விட்டால், தண்ணீர் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால், சேறுபோல் உறைந்துவிடலாம். தோடம்பழத் தோலை மட்டும் ஊற்றும் நேரத்தில் சீவுங்கள்.