மச்சானின் ஜெரோம் காசும் ஒரு கிளாஸ் தண்ணீரும்

ஜெர்மனியிலிருக்கும் மச்சான் மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தத்துக்கு ஊருக்கு வந்தபோது ஒரு தங்கக் காசு கொண்டுவந்தார். "உரசிப் பார்ப்பமா?" என்றார். நான் ஆரையம்பதியில் தட்டார் வீட்டுப் பிள்ளை, ஆனாலும் வேண்டாம் என்றேன். நகையில் உரைத்த இடம் தெரியாது. இருநூறு வருசக் காசில் ஒரு கீறல் விழுந்தாலே சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள். பூந்திக்கொட்டை போட்டுக் கழுவுவதும் கூடாது.

முதலில் எழுத்தை வாசியுங்கள். ஹீரோனிமஸ் நெப்போலியன் என்றிருந்தால், அது நெப்போலியனின் கடைசித் தம்பி ஜெரோம். 1807 இல் ஜெர்மன் நிலங்களைத் துண்டு துண்டாகச் சேர்த்து வெஸ்ட்பாலியா என்றொரு அரசை உண்டாக்கி, காசல் நகரில் தம்பியை அரசனாக்கினார் அண்ணன். 1813 இல் அது கலைந்தது. அதற்குள் பழைய ஜெர்மன் கணக்கில் 5, 10 தாலரும், பிரெஞ்சுக் கணக்கில் ஃபிராங்க் காசுகளும் தங்கத்தில் அடித்துவிட்டார்கள். மச்சானுடையது 20 ஃபிராங்க். அதற்கு 6.45 கிராம் எடை, 21 மில்லிமீட்டர் விட்டம், ஆயிரத்துக்கு 900 பங்கு தங்கம். மாற்று நம்முடைய 22 கரட்டைவிடக் கொஞ்சம் குறைவு.

இனி, உரசாமலே தங்கமா என்று பார்க்கத் தண்ணீர்ச் சோதனை. நகைக்கடைத் தராசு வேண்டும், இரண்டு தசமதானமாவது காட்டவேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். காசை நிறுத்து எடையைக் குறியுங்கள். அப்புறம் தண்ணீர்க் கிளாஸைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, முழுதாக முங்கும்படி, அடியிலோ பக்கத்திலோ படாமல் பிடியுங்கள். குமிழ் ஒட்டியிருந்தால் நூலை ஆட்டி விடுங்கள். தராசு காட்டும் இலக்கத்தால் காசின் எடையை வகுத்தால் வருவது அடர்த்தி, அது 17 ஐ ஒட்டி வரவேண்டும். 6.45 கிராம் காசுக்கு 0.37 அல்லது 0.38 காட்டும். பித்தளைக்குத் தங்கமுலாம் பூசியிருந்தால் 0.75 வரை போகும்.

0.30 வந்தால்? சிரிக்காதீர்கள், அது பிளாட்டினம். 19 ஆம் நூற்றாண்டில் பிளாட்டினம் தங்கத்தைவிட மலிவு, அதில் முலாம் பூசிக் கள்ளக்காசு அடித்தவர்கள் இருந்தார்கள்.

எங்களுக்கு 0.37 வந்தது. மச்சானுக்கு வாயெல்லாம் பல். ஆனால் எடை 6.39 தான். பூதக்கண்ணாடியில் விளிம்பைப் பார்த்தேன். தலைக்கு நேர்மேலே சின்னதாகப் பொடிவைத்த, அதாவது பற்றவைத்த, தடம், பக்கத்தில் அரம் ஓடிய அடையாளம். யாரோ வளையம் ஒட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். தங்கம் தங்கந்தான், உருக்கினால் முக்கால் பவுணுக்குச் சற்று மேலே வரும். சேகரிப்பவர் கையில் மட்டும் விலை நிற்காது. இதைக் கேட்டதும் மாமி, "அப்ப திரும்ப வளையம் ஒட்டித் தா, தாலிக்கொடியில கோர்ப்பம்" என்கிறார்.