பக்கத்தின் அடியிலிருந்து வாசியுங்கள்: பைசாந்திய வரலாற்று நூல்களின் செம்பதிப்பு, புதியவர்களுக்கான வழிகாட்டி

பைசாந்தியப் பேரரசின் வரலாற்றாசிரியர்கள் கிரேக்கத்தில் எழுதியவற்றை இன்று அச்சில் வாசிக்கிறோம். அவர்கள் எழுதிய மூல ஏடு பெரும்பாலும் கையில் இல்லை. பல கைகள் படியெடுத்த சுவடிகளை ஒப்பிட்டு, "இப்படித்தான் எழுதியிருப்பார்" என்று ஒரு பதிப்பாசிரியர் எடுத்த முடிவுதான் நாம் காணும் பாடம், அதாவது நூலின் சொல்வடிவம். இப்படி ஒப்பிட்டுச் செய்த பதிப்புதான் செம்பதிப்பு. அந்த முடிவை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதே இங்கே விஷயம். கிரேக்க எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும், பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளலாம்.

படி 1: சரியான பதிப்பைப் பிடியுங்கள்

இணையத்தில் இலவசமாக முதலில் சிக்குவது, ஜெர்மனியின் பான் நகரில் வெளிவந்த பான் தொகுதி. வரலாற்றாசிரியர் நீபூர் 1828-இல் தொடங்கிய வரிசை, 1897 வரை 50 தொகுதிகள் வந்தன. அவற்றில் பல, பழைய பாரிஸ் பதிப்புகளை அதிகம் மாற்றாமல் மறுபடி அச்சிட்டவை. புரட்டிப் பார்க்க நல்லது, மேற்கோள் காட்ட நம்பாதீர்கள். 1967 முதல் வெளிவரும் 'கார்ப்பஸ் ஃபான்டியும் ஹிஸ்டோரியே பைசாந்தினே' (பைசாந்திய வரலாற்று மூலநூல்களின் தொகுதி) வரிசையில் உங்கள் நூல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கைலிட்ஸேஸ் (1973), நிகேதாஸ் கோனியாதேஸ் (1975), அன்னா கொம்னேனே (2001) ஆகிய வரலாற்றாசிரியர்களின் நூல்கள் எல்லாம் அதில் உண்டு. பழையது என்றாலே மோசம் என்றும் இல்லை. தியோஃபனேஸ் என்ற துறவியின் காலவரிசை நூலுக்கு கார்ல் டி போர் 1883-85-இல் செய்த பதிப்புதான் இன்றும் கையில் எடுக்க வேண்டியது.

படி 2: சுவடிக் குறியீட்டுப் பக்கம்

முன்னுரையின் முடிவில், ஒவ்வொரு சுவடிக்கும் ஓர் எழுத்தைக் குறியாக வைத்து ஒரு பட்டியல் இருக்கும். அதைப் படம் பிடித்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக்குப் பக்கம் தேவைப்படும். கூடவே எந்தச் சுவடி எதிலிருந்து படியெடுக்கப்பட்டது என்று காட்டும் மர வரைபடமும் இருந்தால் அதில் கொஞ்ச நேரம் செலவிடுங்கள். அடுத்த படி முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது.

படி 3: அடிக்குறிப்பைப் பிரித்து வாசித்தல்

உ.வே.சா. பதிப்புகளில் 'பி-ம்.' என்று பாடபேதம் (சுவடிக்குச் சுவடி மாறும் சொல்) தந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் பக்கத்தின் அடியில் அதே வேலைதான், மொழி மட்டும் இலத்தீன். 'ஓம்.' என்றால் அந்தச் சுவடியில் அச்சொல் விடுபட்டிருக்கிறது. 'ஆட்.' என்றால் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. 'கொனி.' என்றால் எந்தச் சுவடியிலும் இல்லாத, ஓர் அறிஞரின் ஊகத் திருத்தம். இந்த மூன்றாவதைக் கண்டால் பென்சிலால் கோடு போடுங்கள்.

இப்போது நானாக எழுதிய ஒரு மாதிரி வரி:

7 ஹேமெய்ஸ் ஏ : ஹுமெய்ஸ் பி சி

ஏழாவது வரியில் ஏ சுவடி 'நாம்' என்கிறது, பி-யும் சி-யும் 'நீங்கள்' என்கின்றன. பழைய ஏதென்ஸில் இந்த இரண்டு சொற்களும் காதுக்கு வேறு வேறு. பைசாந்தியக் காலத்தின் பிற்பகுதியில் இரண்டுமே 'இமீஸ்' என்றுதான் ஒலித்தன. ஏட்டைப் பார்த்து, மனத்துக்குள் சொல்லிக்கொண்டே எழுதுகிறவர் கை தவறுவதற்கு வேறென்ன வேண்டும்? ஆனால் ஒரு தளபதி "நாம் தோற்றோம்" என்றாரா, "நீங்கள் தோற்றீர்கள்" என்றாரா என்பதில் வரலாறே மாறிவிடும்.

சரி, இரண்டுக்கு ஒன்று, ஆகவே 'நீங்கள்' என்று முடிவு கட்டலாமா? கூடாது. மர வரைபடத்தைப் பாருங்கள். சி சுவடி பி-யைப் பார்த்துப் படியெடுத்தது என்றால் அங்கே இருப்பது ஒரே சாட்சி, குரல்தான் இரண்டு. அப்படிப்பட்ட நகலை நல்ல பதிப்பாசிரியர் முதலிலேயே ஒதுக்கிவிடுவார். மாறாக, சில நேரம் மொழிபெயர்ப்பே சாட்சி சொல்ல வரும். தியோஃபனேஸை 870-களில் இலத்தீனாக்கிய அனஸ்தாசியுஸின் பாடத்தை டி போர் அப்படித்தான் பயன்படுத்தினார்.

சுவடியே ஒன்றுதான் என்றால்? மிக்கேல் ப்ஸெல்லோஸின் 'க்ரோனோகிராஃபியா' என்ற வரலாற்று நூல் முழு அளவில் கிடைப்பது பாரிஸ் தேசிய நூலகத்தின் 1712 எண் கிரேக்கச் சுவடியில் மட்டும். ஒப்பிட இன்னொன்று இல்லாததால் கெட்டுப்போன இடங்களில் ஊகம்தான் வழி. இங்கே என் கட்சி, எளிதில் திருத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பவரின் கட்சி. பைசாந்திய ஆசிரியரின் கிரேக்கம் பழைய ஏதென்ஸ் இலக்கணத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், அது எழுத்தர் பிழையாக இருக்கலாம், ஆசிரியரின் நடையாகவும் இருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்பாளர்கள் பலர் அதை யோசிக்காமல் 'திருத்தினார்கள்'.

படி 4: ஆண்டைச் சரிபாருங்கள்

இது எளிது, கொஞ்சம் வேடிக்கையும்கூட. பைசாந்தியர்கள் உலகம் படைக்கப்பட்ட நாளிலிருந்து ஆண்டு எண்ணினார்கள். புத்தாண்டு செப்டம்பர் 1. ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை நடந்ததென்றால் 5508-ஐயும், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை என்றால் 5509-ஐயும் கழியுங்கள். கான்ஸ்டான்டினோப்பிள் வீழ்ந்த மே மாதம் 6961-ஆம் ஆண்டில் வருகிறது: 6961 கழித்தல் 5508, கி.பி. 1453.

கூடவே 'இந்திக்தியோன்' என்ற 15 ஆண்டுச் சுழற்சி எண்ணும் தருவார்கள். உலக ஆண்டை 15-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது (மீதி இல்லை என்றால் 15). 6961-க்கு மீதி 1. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஓர் எண் பிசகியிருக்கிறது, உடனே அடிக்குறிப்புக்குப் போங்கள். கிரேக்கத்தில் எண்ணையும் எழுத்தால்தான் எழுதுவார்கள், ஓர் எழுத்து மாறினால் ஆண்டும் மாறும்.

தியோஃபனேஸிடம் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அவர் பின்பற்றுவது அலெக்ஸாந்திரியக் கணக்கு, ஏறத்தாழ 16 ஆண்டு வித்தியாசம். போதாததற்கு 7, 8-ஆம் நூற்றாண்டுகளின் சில பகுதிகளில் அவருடைய உலக ஆண்டும் இந்திக்தியோனும் ஓர் ஆண்டு தள்ளி நிற்கின்றன. அதைப் பற்றி ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சண்டை போடுகிறார்கள், நீங்கள் இப்போதே அதில் இறங்க வேண்டாம்.

படி 5: சுவடியைக் கண்ணால் பாருங்கள்

கிரேக்கச் சுவடிகளுக்கான 'பினாகேஸ்' தரவுத்தளத்தில் நூலாசிரியர் பெயரைத் தேடினால் எந்தச் சுவடி எந்த நூலகத்தில் இருக்கிறது என்று தெரியும். பாரிஸ் சுவடிகள் பலவற்றின் படங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தின் 'கல்லிகா' தளத்தில் உண்டு. எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் முதலில் ஒன்றும் புரியாது. தெரிந்த வரி ஒன்றை அச்சில் வைத்துக்கொண்டு, ஆள்பெயரையோ ஊர்ப்பெயரையோ முதலில் தேடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: 'தெசாரஸ் லிங்குவே க்ரேக்கே' என்னும் கிரேக்க நூல்களின் மின்தொகுப்பில் சொல் தேடுவது சுலபம், ஆனால் அதில் பாடபேத அடிக்குறிப்புகள் கிடையாது. அங்கே கிடைத்த வாக்கியத்தை அச்சுப் பதிப்பில் பார்க்காமல் எழுதிவிடாதீர்கள்.

பயிற்சி

அன்னா கொம்னேனேயின் நூலில் ஒரே ஒரு பக்கத்தைப் பான் தொகுதியிலும் 2001 பதிப்பிலும் எடுங்கள். வேறுபடும் இடங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சுவடி, ஊகம், நிறுத்தக்குறி என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். எதிலும் அடங்காத இடம் ஒன்று இருந்தால், புதிய பதிப்பின் முன்னுரையை அந்த ஓரிடத்துக்காகவே திறந்து படியுங்கள்.