ஜாதிக்காயை உரைத்து அளக்க வேண்டும்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஜாதிக்காய்த் தூள் இருந்ததே இல்லை. முழுக் காய் இரண்டு ஒரு சின்னப் பாட்டிலில் இருக்கும். பக்கத்தில் அம்மா தந்த உரைகல். இரண்டு உரை, மூன்று உரை என்றுதான் அம்மா அளவு சொல்வாள். தேக்கரண்டிக் கணக்கு அவளிடம் கிடையாது. அந்த அளவில் எத்தனை விவேகம் இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

முதலில் வாங்குவது. கையில் எடுத்தால் கனக்க வேண்டும். லேசாக இருந்தாலும் ஊசித் துளைபோல ஓட்டை தெரிந்தாலும் உள்ளே பூச்சி அரித்திருக்கும். மேலே வெள்ளையாகப் படிந்திருந்தால் பூச்சி வராமலிருக்கச் சுண்ணாம்பு பூசியதாக இருக்கலாம், துடைத்தால் போய்விடும். ஆனால் பூசண வாடை அடித்தால் யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள். பூசணம் உண்டாக்கும் நஞ்சு, வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு காயில் ஊசியால் குத்திப் பாருங்கள். நல்ல காய் என்றால் குத்திய இடத்தில் எண்ணெய் மினுங்கும். குறுக்கே வெட்டினால் வெளிர் பழுப்பில் கரும்பழுப்பு நரம்புகள் வளைந்து வளைந்து ஓடுவது தெரியும். மணம் அந்த நரம்புகளில்தான் குடியிருக்கிறது.

காய் என்று சொல்கிறோமே தவிர, இது பழத்துக்குள் இருக்கும் விதையின் பருப்பு. பழம் வெடிக்கும்போது விதையின் கறுத்த ஓட்டினைச் சுற்றிச் சிவப்பு வலைபோல ஒட்டியிருப்பது ஜாதிபத்திரி. பூர்வீகம் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். நமக்குக் கேரளத்திலிருந்தும் பொள்ளாச்சி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்தும் வருகிறது. பத்திரி வாங்கும்போது கவனம் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் காட்டு ஜாதிக்காயின் பத்திரிக்கு வணிகத்தில் பம்பாய் ஜாதிபத்திரி என்றே பெயர். இங்கே ராம்பத்ரி என்பார்கள். கருஞ்சிவப்பாக இருக்கும், வாசனை மிகக் குறைவு. ராம்பத்ரி என்று கேட்டு வாங்குவதில் தவறில்லை. ஜாதிபத்திரி விலை கொடுத்து அதை வாங்கி வரக் கூடாது. கிள்ளி முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

பயன்படுத்தும்போது, அடுப்பை அணைத்த பிறகு உரையுங்கள். ஆவியாகும் எண்ணெய் கொதியில் பறந்துவிடும். பக்கத்து வீட்டு மராட்டிய மாமி பூரண் போளிக்குப் பூரணம் ஆறிய பிறகுதான் ஏலக்காயோடு ஜாதிக்காயைத் துருவுவார். கெட்டித் தயிரில் செய்யும் ஸ்ரீகண்டு இனிப்பு அரைக் கிலோவுக்கு நுண்ணிய துருவியில் ஏழெட்டு இழுப்பு போதும். நான் பால் பாயசத்திலும் பசலைக்கீரை மசியலிலும் இரண்டு உரை சேர்ப்பேன். நாக்கில் தனியாகத் தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று பொருள், கசப்பும் வரும்.

இனிச் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். தூக்கம் வர ஒரு தேக்கரண்டி ஜாதிக்காய்த் தூளைப் பாலில் கலந்து குடியுங்கள் என்று கைப்பேசியில் செய்தி சுற்றுகிறது. வேண்டவே வேண்டாம். இதில் மிரிஸ்டிசின் என்ற பொருள் இருக்கிறது. ஏறக்குறைய 5 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டித் தூளே நஞ்சாக வேலை செய்துவிடும். சிலருக்கு அதற்கும் குறைவாகவே போதும். ஒரு முழுக் காயே அந்த எடை இருக்கும். எங்கள் கட்டிடத்தில் ஒரு கல்லூரிப் பையன் பரீட்சைக்கு முந்தின இரவு தூங்குவதற்காக ஒரு தேக்கரண்டி குடித்தான். ஒரு மணி நேரமாகியும் எதுவும் தெரியவில்லை என்று இன்னும் இரண்டு தேக்கரண்டி குடித்துவிட்டான். விடிவதற்குள் வாய் உலர்ந்து, கண் சிவந்து, நெஞ்சு படபடத்து, யாரோ அறையில் நிற்பதாக அலறினான். மருத்துவமனையில் சேர்த்தும் மறுநாள் இரவு வரை தெளியவில்லை. இதன் விளைவு தெரியவே சில மணி நேரம் பிடிக்கும், மாற்று மருந்தும் கிடையாது. யாராவது அதிகம் சாப்பிட்டுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், தூள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கர்ப்பிணிகள் சமையல் அளவைத் தாண்டக் கூடாது. மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் ஜாதிக்காயை மருந்தாகச் சாப்பிடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். வளர்ப்பு நாய்க்கு ஜாதிக்காய் சேர்த்த பலகாரம் கொடுக்காதீர்கள்.

பச்சைக் குழந்தைக்கு உரைமருந்து? என் பேத்தி பிறந்தபோது கல்லைக் கழுவி வைத்து ஆசையோடு காத்திருந்தேன். ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று குழந்தை மருத்துவர் சொன்னார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். கல்லைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். இப்போது பேத்திக்கு நான்கு வயது. மராட்டியர் கொண்டாடும் கோஜாகிரி பௌர்ணமியன்று வீட்டுக்கே காய்ச்சும் மசாலாப் பாலில் அந்தக் கல்லில்தான் இரண்டு உரை உரைத்துக் கலக்கிறேன்.