சிசேரியன் தையல் ஆறும்வரை

வெளியே தெரிவது அடிவயிற்றில் நான்கைந்து அங்குலத் தையல்தான். உள்ளே கருப்பையையும் தசையை மூடிய உறையையும் தனித்தனியாகத் தைத்திருப்பார்கள். மேல்தோல் 2 நாளில் ஒட்டிக்கொள்ளும். உள் உறை பாதி வலு பெறவே ஏறக்குறைய 6 வாரம் ஆகும். தையல் காய்ந்துவிட்டதே என்று 15-ஆம் நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்காதீர்கள். 6 வாரம்வரை குழந்தையைவிடக் கனமான எதுவும் வேண்டாம்.

படுக்கையிலிருந்து நேராக எழுந்தால் வயிற்றுத் தசை முழுவதும் தையலை இழுக்கும். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்ப ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமும்போதும் தும்மும்போதும் தலையணையைத் தையல்மேல் அணைத்து அழுத்திக்கொள்ளுங்கள்.

மாத்திரை பாலில் போய்விடுமே என்று வலியைப் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்கள் அதிகம். பாராசிட்டமால் பாலூட்டும்போது பாதுகாப்பானதுதான். வலி ஏறும்வரை காத்திராமல், மருத்துவர் எழுதிய அளவில் நேரம் தவறாமல் போடுங்கள். 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. வலிக்குப் பயந்து அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம்.

கட்டு பிரித்தபின் குளிக்கலாம். சோப்பு நீர் தையல்மேல் வழிந்தோடினால் போதும், தேய்க்க வேண்டாம். சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். வயிறு மடிந்து தையலை மூடினால் ஈரம் தங்கித் தோல் ஊறிப்போகும். படுத்துக்கொண்டு மடிப்பைத் தூக்கிக் காற்றுப் படவிடுங்கள். மஞ்சள், வேப்பெண்ணெய், பவுடர் எதுவும் தையலுக்கு ஆகாது. பிள்ளை பெற்றவளுக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றும் வழக்கத்தில் இன்னொரு ஆபத்து: தையலைச் சுற்றி மரத்துப்போன தோலில் சூடு தெரியாது, வெந்துவிடும்.

புண் சீழ் பிடிக்கும் என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்துவது தவறு. புண் ஆறத் தேவையான புரதமே அவற்றில்தான் இருக்கிறது. மலம் இறுகி முக்கும்படி ஆகாமல் நிறையத் தண்ணீர் குடியுங்கள்; கீரை, வாழைப்பழம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரிப்பும் மரத்த உணர்வும் மாதக்கணக்கில் நீடிக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். வலி மட்டும் நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி மறுபடி ஏறினால், சிவப்பு பரவினால், சீழோ நாற்றமோ வந்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முதல் இரண்டு வாரத்தில் திடீரென்று இளஞ்சிவப்பு நீர் கசிந்து துணி நனைந்தால் உள்தையல் விட்டிருக்கலாம். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.